துப்பிவிட்டு எழுதுகிறவள்

ஜீயபுரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஜென்சிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நாசிக்கில் குளிர் இறங்கிவிட்டதா? லேப் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன், எடுத்து வைத்திருப்பாய். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பேச வராது என்று உனக்குத்தான் தெரியுமே.

முதலில் கட்டுரை விஷயம். அந்தச் சின்னத் தோட்டத்துச் சிவப்பு ஒயினைப் பற்றி எழுதினேன் அல்லவா, பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் வாசனையை வாழைப்பட்டை, ஈரச் சாக்கு, நெல் அவிக்கும் ஆவி என்று எழுதினால் வாசகருக்குப் புரியாதாம். செர்ரி, பிளம் என்று மாற்றி நாளைக்குள் அனுப்ப வேண்டுமாம். செர்ரியை நான் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன். தெரியாத பழத்தை எழுதக் கை கூசுகிறது. முகர்ந்ததும் தமிழில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் ஆங்கிலத்துக்குப் போவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எச்சில் படக்கூடாதென்று கிளாஸை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? மூக்குப் படாமல் என்னத்தை ருசி பார்ப்பாய் என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றிலிருந்து மூக்கைத்தான் நம்புகிறேன். அது இந்த ஊரில் வளர்ந்த மூக்கு, நான் என்ன செய்ய?

அடுத்தது அம்மா விஷயம். திராட்சைக் கம்பெனியில் லேப் வேலை என்று மட்டும்தான் இரண்டு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா குடித்தே போனவர். அந்த வீட்டில் வேறென்ன சொல்வது?

நேற்று ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில், அம்மா வாழையிலை விற்கும் இடத்தில் கூட உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கி வருவதற்குள் என் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "நம்ம ஊரப் பத்தியா எழுதியிருக்க?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. எல்லாம் ஒயின், அதை எழுதுவதும் என் வேலைதான் என்று சொல்லிவிட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "குடிச்சிட்டா எழுதுற?" என்றாள். இல்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், எல்லாரும் அப்படித்தான் என்றேன். "அத்தனையுமா?" ஆமாம் என்றேன். அதற்குள் ஒருவர் வந்து தலைவாழை கேட்டார். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, "உங்கப்பாவும் துப்பியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு" என்றாள். அவளே சிரித்துவிட்டாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது நோட்டை மறுபடியும் கேட்டு வாங்கினாள். "வாழைப்பட்டைன்னு மொட்டையா எழுதியிருக்கியேடி. பச்சைப் பட்டையா, காஞ்சதா, தண்ணி தெளிச்சதா?" என்றாள். நார் கிழிக்கத் தண்ணீர் தெளித்து வைப்போமே, அது என்றேன். "அப்ப அத எழுது." ஜென்சி, ஆசிரியர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

இறங்கி நடக்கும்போது ஒன்று சொன்னாள். "எழுது, பேரையும் போட்டுக்க. இனிஷியல் மட்டும் உங்கப்பாது வேணாம். போன மனுசன மறுபடியும் பாட்டில் பக்கத்துல நிறுத்தாத." பள்ளிக்கூடம் முதல் டிகிரி வரை எல்லாவற்றிலும் எனக்குப் பிச்சமுத்துவின் 'பி'தான்.

இன்று காலை ஆசிரியருக்கு மெயில் போட்டுவிட்டேன். செர்ரி வராது, வாழைப்பட்டைக்கு முன்னால் 'தண்ணீர் தெளித்த' என்று சேர்த்திருக்கிறேன், என் பெயரில் இனிஷியலை மட்டும் மாற்றுங்கள் என்று. போடுவாரோ மாட்டாரோ. போட்டால் ஒரு பிரதி வாங்கி வை. என் அம்மா மாரியாயிக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தாலும் அவள் பெயரின் எழுத்து அச்சில் எந்த இடத்தில் இருக்கிறதென்று பார்க்க வேண்டுமாம்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். "அந்தப் புள்ளைகிட்டயும் துப்ப மறந்துடாதன்னு சொல்லு" என்று இப்போதும் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். மறந்துவிடாதே, ஜென்சி.

அன்புடன்,
மா. மட்டுவார்குழலி