வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் வைஃபை

திங்கள், 13

காலையிலிருந்தே வெயில் மண்டையைப் பிளக்கிறது. போர்வைகள் துவைத்தாயிற்று. பிறகு லேப்டாப்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இணையத்தில் நேர்காணல். ஒரு கிடங்கின் சரக்குப் பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. நான் வேலை பார்த்த ரவாங் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம், இந்தக் கம்பெனிதான் முதலில் கூப்பிட்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்குள் என்று விளம்பரம். எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு. போனில் சேரக்கூடாதாம், அவர்கள் பார்க்கப் பார்க்கப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

லேப்டாப் கவிதா காலேஜில் படிக்கும்போது வாங்கியது. மகள் இப்போது ஜொகூரில், லேப்டாப் என்னிடம். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் செருகினால்தான் உயிர். முன் விளிம்பில் ஆயுத பூசைப் பொட்டுகள் காய்ந்து கறுத்துக் கிடந்தன. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து எடுத்தேன். நல்ல காரியத்துக்கு உட்காரப் போகிற சாமான். அதே இடத்தில் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம்.

சாயந்திரம் திறந்தால் வைஃபை இல்லை. சிவப்பில் பெருக்கல் குறி. போன வாரம் ஓடியதே! சனிக்கிழமை இவர் பழைய இணையப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிது போட வைத்தார். அதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். இவர் போனில் இணையம் பறக்கிறது, என் போனிலும் பறக்கிறது.

செவ்வாய், 14

மேகமூட்டம், மழை இல்லை. செய்தவை:
- லேப்டாப் அணைத்துப் போட்டேன், நான்கு தடவை.
- பெட்டி அணைத்துப் போட்டேன், இரண்டு தடவை.
- பெட்டிக்கு அடியில் இருந்த பாஸ்வேர்டைத் தாளில் எழுதினேன். அதைக் கேட்கக்கூட மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு வைஃபைகூட வரவில்லை.

கோலா சிலாங்கூர் டவுனுக்கு பஸ். ஹமீது பாய் கம்ப்யூட்டர் கடை. பாய் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"சார்ஜர் எங்கம்மா?"

வீட்டில். மேசையில். செருகியபடியே.

"பேட்டரியும் இல்ல, சார்ஜரும் இல்ல. நான் எப்படித் தங்கச்சி பாக்குறது? புது பெட்டி ரெண்டு அலை விடும். பழைய லேப்டாப்புக்கு ஒண்ணுதான் புரியும். கேபிள் போட்டுப் பாருங்க."

கேபிள் துளை, கவிதா ஹாஸ்டலில் உடைத்தது. அசடு வழியத் திரும்பி வந்தேன். பாய் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் நின்றது: புது பெட்டி.

புதன், 15

கவிதா போனில். நான் ஒரு கையில் போன், ஒரு கையில் லேப்டாப் மவுஸ்.

"மா, ஏரோப்ளேன் மோட் ஆஃப்ல இருக்கா?"

"ஆஃப்லா."

"சின்ன லைட்டு ஒண்ணு எரியுமே, என்ன கலர்?"

"ஆரஞ்சு."

"நீலமா இருக்கணும்மா. ஓரத்துல சுவிட்ச் ஏதாச்சும் இருக்கா பாரு."

இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். துளைகள்தான். சுவிட்ச் இல்லை. அவளுக்கும் நினைவில்லை, மீட்டிங் என்று வைத்துவிட்டாள்.

இவர் ஐந்து மணிக்கு வந்தார். சுங்கை புரோங்கில் அறுவடை, லோரியில் நெல் ஏற்றி ஏற்றித் தலையெல்லாம் தூசி. குளிக்கக்கூட விடவில்லை நான்.

"நல்லா இருந்தத ஏங்க மாத்துனீங்க? நான் கேட்டேனா? எனக்கு ஒரு வேலை வர்ற நேரம் பாத்துத்தான் இதெல்லாம் செய்யணுமா?"

தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிட்டார். பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு நாற்காலி மேல் ஏறி, பெட்டியைக் கூடத்திலிருந்து என் மேசைக்கு மேலே மாற்றி ஆணி அடித்தார்.

ஆரஞ்சுதான்.

வியாழன், 16

மழை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் லேப்டாப் கேட்டேன். அவள் ஆபீஸுடையதாம், யாருக்கும் தரக்கூடாதாம். நியாயம்தான். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது எனக்கு.

இவர் வேலை முடிந்து நேராக புஞ்சாக் ஆலாம் போயிருக்கிறார், மழையில், மோட்டார் சைக்கிளில். யூனிவர்சிட்டி பிள்ளைகள் வாங்கும் கடையில் விரல் நுனி அளவு ஒரு சாமான் வாங்கி வந்தார். லேப்டாப்பில் செருகினால் வைஃபை வருமாம். செருகினோம். அதற்கு ஏதோ மென்பொருள் வேண்டுமாம். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம். இணையம் வர இணையம் வேண்டும்! கூடவே ஒரு சிடி கொடுத்திருக்கிறார்கள். சிடி போடும் தட்டு திறக்காமல் போய் இரண்டு வருடம்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன்," என்றார். அறுவடை நேரத்தில் லோரிக்காரருக்கு யார் லீவு கொடுக்கிறார்கள்? முதலாளியிடம் என்ன சொல்லி வாங்கினாரோ. நான் நன்றி சொல்லவில்லை. "இருந்து என்ன செய்யப் போறீங்க" என்றேன்.

வெள்ளி, 17

8.00. புடவை கட்டியாயிற்று. லைட்டு இன்னும் ஆரஞ்சு.

8.50. அவர்களுக்கு போன் செய்து வேறு நாள் கேட்கலாமா? வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இவர் பின்பக்கம் துணி காயப்போடுகிறார், என் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

மீதியைச் சாயந்திரம் எழுதுகிறேன்.

ஒன்பதேகால் இருக்கும். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி அழுதேன். நிமிர்ந்தபோது வளையல் உரசி, முன் விளிம்பில் காய்ந்திருந்த சந்தனம் ஒரு வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் சின்னதாக ஆண்டெனா படம். பக்கத்தில் ஒரு பள்ளம், நிறையச் சந்தனம். பள்ளத்துக்குள் நகம் அளவு ஒரு சுவிட்ச்.

கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம் தள்ளினேன். நீலம்.

திங்கட்கிழமை துணியால் அழுத்தித் துடைத்து அணைத்தது நான். மறுபடி நகராதபடி சந்தனம் வைத்துப் பூசியதும் நான்.

புதுப் பெட்டியின் பெயர் வந்தது. பாஸ்வேர்டு போட்டேன். உடனே சேர்ந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

"வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். ஓடி வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படி?"

"தன்னால வந்துருச்சு."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

பத்து மணி. திரையில் ஒரு சீன அம்மா, நல்ல மாதிரி. "செல்வி, டேக் யுவர் டைம் லா," என்றார். கலைந்து கிடந்த உதிரிபாகப் பட்டியல் ஒன்று, வரிசைப்படுத்தி, இரண்டு முறை வந்ததை நீக்கிக் காட்டினேன். தப்பு எதுவும் வரவில்லை. நடுவில் ஜன்னல் வழியே பார்த்தேன். தினமும் பத்தரைக்கு எங்கள் வரிசையில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை, இவர் முனையிலேயே வெயிலில் நின்று மறித்துக்கொண்டிருந்தார். கையில் மூன்று ரொட்டி.

சனி, 18

ரொட்டி. காலையும் ரொட்டி, மாலையும் ரொட்டி.

சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை வாயெடுத்தேன். அவர் பழைய ஆணித் துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

செவ்வாய், 21

ஞாயிறும் சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை.

இன்று பதினொரு மணிக்கு போன். வேலை கிடைத்துவிட்டது! ஒன்றாம் தேதி ஆரம்பம். கவிதாவிடம் சொல்லி அழுதேன். இவர் வந்ததும் சொன்னேன். குளித்துவிட்டு, சாமி மேடையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். லேப்டாப்பை மூடி, மூடியின் நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு.

"முன்னாடியும் வைங்க," என்றேன், வேண்டுமென்றே.

"அங்க வேணாம்லா."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை உன் கொண்டை ஊசி சந்தனத்தோட மேசையிலதான கெடந்துச்சு," என்றார். "நான்தான் கழுவி வச்சேன்."