நல்லா இருந்தா ஒண்ணு அமுக்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பித் துரைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். ஏழை நாட்டுப் பெண்களுக்கெல்லாம் போன் வழியாக உதவி செய்கிறவனுக்கு எதற்குக் காகிதம் என்று கேட்காதே. போனில் பேசினால் "ம்... ம்..." என்றபடி நீ வேறு எதையோ தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதத்தை அப்படி ஏமாற்ற முடியாது.

உன் திட்டம் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. பிள்ளைத்தாச்சிகளுக்கு வாரம் ஒருமுறை தானாகப் போன் போகிறது. ஆனால் அதில் பேசுகிறவள் யாரடா? "தங்களது உடல்நிலை சீராக உள்ளதெனில் எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறாள். இஸ்திரிக்கடைக்காரி நாலு மாசம். கோர்ட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று பயந்து போனைத் துணி மூட்டைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள் சொல்கிறேன், மனுஷ பாஷையில் கேள்.

என் எழுத்து கோட்டைத் தாண்டுகிறதே என்று சிரிக்காதே. அதுக்காவது ஊர் சுற்றக் கொடுத்து வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி ஆயா, உன் அக்கா


மார்ச் 16

அன்பு அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இனி அந்தக் குரல் வேண்டாம், நீயே பேசு. நர்ஸம்மா போனில் பதிவு செய்து அனுப்பு. நல்லா இருந்தால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு, அவ்வளவுதான். இரண்டு அமுக்கினால் நர்ஸம்மாவுக்கு உடனே தகவல் போகும், அவர் கூப்பிட்டு விசாரிப்பார். உங்கள் ஆஸ்பத்திரியில் சரியாக நடந்தால்தான் மற்ற ஊர்களுக்குக் கொடுப்பார்கள்.

நீ நலம்தானே?

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள துரைக்கு,

நலம், நலம். எத்தனை தடவை கேட்பாய்?

"என்னம்மா, அக்கா பேசறேன். நல்லா இருக்கியா? நல்லா இருந்தா ஒண்ணு அமுக்கு, இல்லேன்னா ரெண்டு அமுக்கு." நான் பேசியது இவ்வளவுதான். அதற்கே வராந்தா துடைக்கும்போது "ஏய், போன் அக்கா போறாங்கடி!" என்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "வீட்ல கேக்கறது பத்தாதா? ஊர்ல இருக்கற போன்லயும் உன் குரல்தானா?" என்கிறார்.

நேற்று ஒரு கூத்து. டாக்டர் என்று நினைத்து ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டேன். பதில் வராததால் டாக்டரேதான் என்று முடிவு செய்து நடையைக் கட்டினேன்.

போன் அக்கா


மே 28

அன்பு அக்கா,

நல்ல செய்தி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஒன்று அமுக்குகிறார்கள். மேலே இருப்பவர்களுக்குப் பரம சந்தோஷம். எல்லாம் உன் குரலால்தான்.

தம்பி


ஜூன் 9

தம்பி,

இன்றைக்குத் துரை கிரை எல்லாம் இல்லை.

இஸ்திரிக்கடைக்காரியை வலிப்போடு தூக்கி வந்தார்கள். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்ததாம். பிழைத்துவிட்டாள். குறைமாசக் குழந்தையும் பிழைத்துவிட்டது, என் கைக்குட்டையால் போர்த்தலாம், அவ்வளவுதான் இருக்கிறது. முந்தின நாள் உன் போன் போயிருக்கிறது. ஒன்று அமுக்கியிருக்கிறாள்.

கண் விழித்ததும் கேட்டேன். "கால் இப்படி வீங்கிக் கெடக்கு, தலை வெடிச்சிருக்கும். எதுக்குடி ஒண்ணு அமுக்கினே?"

"கேட்டது நீயாச்சேக்கா. உன்கிட்டப் போய் நல்லா இல்லேன்னு எப்படி அமுக்கறது? மனசு வரல."

கோர்ட்டுக்காரி கேட்டபோது பயந்து மூடினாள். அக்கா கேட்டதும் மரியாதைக்கு ஒன்று அமுக்கிவிட்டாள். உன் தொண்ணூற்றேழும் மரியாதைதான், தம்பி. நல்லா இருக்கியா என்று கேட்டால் நம் ஜனம் வேறு என்ன சொல்லும்?

அதனால் அதைக் கேட்காதே. "செருப்பு கால்ல ஏறுதா?" என்று கேள். "தலை வலிக்குதா? கண்ணு முன்னால பூச்சி பறக்குதா?" என்று கேள். செருப்பு ஏறாவிட்டாலும், வலியோ பூச்சியோ இருந்தாலும் ரெண்டு அமுக்கச் சொல். செருப்புக்கு மரியாதை தெரியாது. ஏறும், இல்லையென்றால் ஏறாது. இதையெல்லாம் புதுசாகப் பேசிப் பதிந்து நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 19

அன்பு அக்கா,

மாற்றிவிட்டோம். முதல் வாரமே பதினோரு பேர் இரண்டு அமுக்கினார்கள். நர்ஸம்மா மூன்று பேரை உடனே படுக்கையில் சேர்த்தாராம். செருப்புக் கேள்வி யார் யோசனை என்று எங்கள் மேலதிகாரி கேட்டார். தரை துடைக்கும் நிபுணர் என்றேன்.

இனி வேறு விஷயம். உன் கடிதங்களை வரிசையாக மேஜையில் பரப்பிப் பார்த்தேன். மார்ச்சில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி. ஜூனில் ஏழு. எழுத்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. வெள்ளைக் கோட்டுக்கு வணக்கம் வேறு. படித்தபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், மடையன்.

நலமா என்று இனி கேட்க மாட்டேன். கடைசியாக நீயே ஊசியில் நூல் கோத்தது எப்போது?

தம்பி


ஆகஸ்ட் 2

என் தம்பிக்கு,

பொல்லாதவன்டா நீ. என் செருப்பை எடுத்து எனக்கே மாட்டிப் பார்க்கிறாய்.

போன வருஷம். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர்தான் கோத்துக் கொடுக்கிறார், திட்டிக்கொண்டே. இந்தக் கடிதத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் கோடு காட்டுகிறார். வலது கண்ணில் பனி மூட்டம். இடது கண்ணும் வா வா என்று அதைக் கூப்பிடுகிறது. அழுக்குத் தெரியாத ஆயாவை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பயத்தில்தான் எல்லாவற்றையும் சிரிப்பாக்கி உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இஸ்திரிக்கடைக்காரியைத் திட்டின வாய்தான் இது.

சரி. ரெண்டு. அமுக்கிவிட்டேன். சீக்கிரம் எடு. பாட்டுப் போட்டுக் காக்க வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அக்கா