மரியாதையாகப் பேசினால் வேண்டாம்

ஜூலை 8, 1991
ஸ்டோர்ஸ் கண்ணப்பன் இன்று டைம் ஆபீஸ் ஜன்னலில் பத்து நிமிடம் நின்றார். மனைவி இறந்து ஆறு வருஷமான மனிதர். திருப்பத்தூருக்கு மேலே ஏதோ மலையூர். பஞ்ச் கார்டில் கோளாறோ என்று நிமிர்ந்தேன். “உங்க அடுப்ப ஊத ஒரு ஆளு வேணாமா?” என்றார். கேஸ் இருக்கிறது, இரண்டு சிலிண்டர் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 9
கேன்டீன் மரகதம் சிரித்த சிரிப்பில் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் மாமியார் அந்த மலைக்காரி. அங்கே பெண் கேட்பது அப்படித்தானாம். நாற்பத்து மூன்று வயதில், ஜாதகத்தைக் கேட்காமல் என்னைக் கேட்ட முதல் ஆள். நான் சிலிண்டரைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எம்.ஏ. படித்தது வீண்போகவில்லை.

ஜூலை 22
மறுபடி ஜன்னல். “மேட்டுக் காட்டுல சாமை முத்தி சாயுது. ஒண்டியா அறுக்க முடியல.” மறைமலை நகரில் ஒற்றை அறையில் ஸ்டவ் மூட்டிச் சமைக்கிறவருக்குச் சாமை எங்கே முளைத்தது? ஆனால் இந்த முறை எனக்குப் புரிந்தது. படித்தவள் அல்லவா, பண்பாகச் சொன்னேன்: “ரொம்ப நன்றிங்க. யோசிச்சு சொல்றேன்.” முகம் கறுத்துவிட்டது. நன்றி சொன்னால் முகம் கறுக்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 24
என்ன யோசிக்க இருக்கிறது? பிடித்திருக்கிறது. எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 5
அவருடைய மாற்றல் விண்ணப்பம் என் மேஜைக்கே வந்தது. ராணிப்பேட்டை கிடங்குக்கு. நாளை மேலாளர் கையெழுத்துக்கு நான்தான் எடுத்துப் போக வேண்டும்.

மரகதத்திடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். “மரியாதையா பேசினா வேணான்னு சொல்ற மாரி மேடம். புடிச்சிருந்தா திட்டணும். எங்க மாமியா எங்க மாமனார ‘கரடி துப்புன மூஞ்சி’ன்னு நாலு பேர் எதிர்ல திட்டித்தான் கட்டிக்கினாங்க.”

இந்த ஆபீஸில் என் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. அந்த வாய் தேவைப்பட்ட ஒரே நாளில் நன்றி சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 6
ஷிஃப்ட் மாறும் நேரம். ஸ்டோர்ஸ் முன்னால் முப்பது பேர். விண்ணப்பத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “சாமையைச் சாய விட்டுட்டு ராணிப்பேட்டைக்கு ஓடறீங்களே, நீங்க ஒரு மரமண்டைங்க.” இருபது வருஷ ஆபீஸ் பழக்கம், திட்டிலும் ‘ங்க’ போகவில்லை. சூப்பர்வைசர் டெனிசன் பேனாவைத் தவறவிட்டார்.

கண்ணப்பன் மெதுவாகச் சொன்னார்: “‘நீ’ன்னு சொல்லணும்.”

சொன்னேன். “நீ ஒரு மரமண்டை.” அவர் விண்ணப்பத்தை வாங்கி நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 3
மூன்று நாள் விடுப்பு கேட்டு எழுதினேன். ‘காரணம்’ என்ற இடத்தில் பேனா வெகு நேரம் நின்றது. ‘சொந்த அலுவல்’ என்று போட்டேன். அடுத்த தாள் கண்ணப்பனுடையது, அதே தேதிகள். காரணம்: ‘எனக்கும் டைம் ஆபீஸ் லீலா மேடத்துக்கும் கல்யாணம்.’

‘மேடம்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, இரண்டுக்கும் சீல் வைத்தேன்.