தொப்புளுக்குக் கீழே ஒரு தழும்பு

மயிலாப்பூர்
3-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நம் மீனாட்சிக்கு இந்த வாரம் வலிப்பு ஒரே தடவைதான். மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாள்.

"இது உங்க வம்சத்துச் சீக்கு" என்று அத்தை என்னைப் பார்த்துச் சொன்னபோது நீங்கள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். அதனால்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். இப்போது சண்டைக்கு நேரமில்லை. எனக்கு நாலாம் மாதம்.

டாக்டரம்மா என்னை நீல விளக்கடியில் நிறுத்திப் பார்த்தார். மகளுக்கு இருக்கிற வெள்ளைத் திட்டுதான் இந்தச் சீக்குக்கு அடையாளமாம்; எனக்கு ஒன்றுகூட இல்லை. உங்களுக்கும் இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிதாகப் பயமில்லையாம். இருந்தால் பாதிக்குப் பாதி. உங்கள் தொப்புளுக்குக் கீழே ஒரு வெள்ளை இருக்கிறதே, அத்தான்! எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்க் காட்டுங்கள்.

புஷ்பம்

தி.நகர்
6-8-1974

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நாலாம் மாதம் என்பதை நான் கடிதத்திலா தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜவுளிக்கடையில் ஆடிக் கூட்டம். அப்படியே விட்டுவிட்டு வந்து அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். "ஏலே, ஒனக்கு ஒம்பது மாசத்துல காய்ச்சல் கண்டு வலிப்பு வந்துச்சு. நாந்தான் கம்பியக் காய்ச்சித் தொப்புளுக்குக் கீழ சூடு வச்சேன். வெளிய தெரிஞ்சா எவன்லே ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?"

மீனாட்சிக்கு என்னிடமிருந்துதான் வந்ததா? உன்னைப் போய்ச் சொன்னோமே! நாளை டாக்டரம்மாவிடம் தனியாகப் போகிறேன். உன் முகத்தில் விழிக்கத் தெம்பில்லை.

கருணாகரன்

தி.நகர்
7-8-1974

புஷ்பம், ஒன்றுமில்லையடி!

விளக்கடியில் கூசிக் கூசி நின்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது வெறும் சூட்டுத் தழும்பு. காய்ச்சல்ல வர்ற வலிப்பு வேற, உங்க மகளுடையது வேற" என்றார். வேறு திட்டும் இல்லை. மீனாட்சிக்கு வந்தது அவளோடு புதிதாக வந்ததாம். அடுத்ததற்கு வர நூற்றில் ஒன்றோ இரண்டோதான் வாய்ப்பு.

வாசலில் நின்று அழுதேன். ரிக்‌ஷாக்காரர், "இன்னா சார், கொயந்த பொறந்துகீதா?" என்றார். "இனிமேதான்" என்றேன்.

உன்னை அழைக்க அம்மாவே வருவாளாம். காலையிலிருந்து முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கருணாகரன்

மயிலாப்பூர்
9-8-1974

அன்புள்ள அத்தானுக்கு,

படித்துவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அண்ணியே பயந்துபோனாள். அந்த நூற்றில் ஒன்று மனசில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை, நேரில் வைத்துக்கொள்கிறேன். அத்தை ஞாயிற்றுக்கிழமை வரட்டும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எப்படிப் பதறியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று. பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ரிக்‌ஷாவைக் கூப்பிட வேண்டும், அடுப்பில் கம்பி வைக்கக் கூடாது. அத்தை சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

துணிமணியெல்லாம் நேற்றே மடித்து வைத்துவிட்டேன்.

புஷ்பம்