ஒரே வீட்டில் இரண்டு நோன்பு

அரக்கோணம்
23.2.2026

கர்த்தருக்குள் பிரியமான பியூலாவுக்கு, அண்ணன் எழுதுவது.

காது சுத்தமாகப் போய்விட்டது. போன் பேசிப் பயனில்லை, அதனால்தான் கடிதம். மூட்டுவலி கூடிவிட்டது. சமையலுக்கு வந்தவளும் நின்றுவிட்டாள். உன் அண்ணி இருந்திருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். ஈஸ்டருக்குள் இங்கேயே வந்துவிடு.

அந்த ஜஹீருன்னிசாவை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடேன். ஷூ கம்பெனியில் உன்னோடு தைத்தவள் என்பதற்காக ஆயுசுக்கும் சுமப்பாயா? கூடப் பிறந்தவனைக் கவனிப்பதும் ஊழியம்தான்.

அன்புடன்,
ஞானமுத்து

ஆம்பூர்
3.3.2026

அன்புள்ள அண்ணா,

மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இல்லத்தில் விசாரித்தேன். எழுந்து நடமாடுகிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். பக்கவாதத்தில் படுத்தவரை யார் எடுப்பார்கள்? சபையில் ஜெபிக்கிறார்கள். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வருகிறது. நனைந்த துணியை மாற்றத்தான் ஆளில்லை.

இந்த வருஷம் நம் லெந்து நோன்பும் அவர் ரம்ஜான் நோன்பும் சேர்ந்தே வந்துவிட்டன. வழக்கம்போல் மதியம்வரை நான் உபவாசம். ஊட்டப் போனால் ஜஹீரக்காவும் வாயைத் திறக்கவில்லை. "உடம்பு முடியாதவங்களுக்கு நோன்பு இல்லன்னு உங்க ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு, சாப்பிடுங்க" என்றேன். "நீ பட்டினியா நின்னு ஊட்டுவே, நான் முழுங்கணுமா? ஜாஸ்தி பேசாதே" என்றார்.

வேறு வழியில்லை. சபையில் திடப்படுத்தல் எடுத்த சின்ன வயசிலிருந்து விடாத உபவாசத்தை விட்டுவிட்டேன். காலையிலேயே அவர் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறேன். அதன்பிறகுதான் அவர் ஒரு வாய் வாங்குகிறார். சபையில் ஒருமாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இதை அன்பு என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணா. அதெல்லாம் போன வருஷமே தீர்ந்துபோயிற்று. விடிந்தால் அவர் நனைந்து கிடப்பார், அதற்காக எழுந்திருக்கிறேன். அவரைவிட்டு எப்படி வருவது?

தங்கை,
பியூலா

அரக்கோணம்
14.3.2026

பியூலா,

லெந்தில் இட்லியா? அப்பா இருந்திருந்தால் உன்னை வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டார். நேற்று குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளா நானா, முடிவு செய். வரவில்லை என்றால் எனக்குத் தங்கை இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஞானமுத்து

ஆம்பூர்
25.3.2026

அன்புள்ள அண்ணா,

அடி பலமா? படித்ததும் பதறிப்போனேன்.

உங்கள் கடிதம் வந்தால் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன், அவருக்கும் பொழுது போகும். இதையும் படித்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். அவர் காதில் விழட்டும் என்றுதான் நிறுத்தவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "போய்ட்டு வா பியூலா, உனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்" என்றார்.

பெருநாளன்று பிரியாணி ஊட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டும் பார்த்தேன். "நோன்புதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் இன்னா?" என்று கத்திவிட்டேன். "நான் போய்ட்டா நீ நிம்மதியா அண்ணன்கிட்ட போவே இல்ல" என்றார்.

நான் போகவில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

இங்கே வாருங்கள், முன்னறையில் கட்டில் போட்டு உங்களையும் பார்த்துக்கொள்கிறேன். வரமாட்டீர்கள் என்று தெரியும். கோபத்தை என்மேல் வையுங்கள், அக்காமேல் வேண்டாம்.

நான் அரக்கோணம் வரமாட்டேன் அண்ணா.

கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். இப்போது கஞ்சி கேட்கிறார்.

உங்கள் தங்கை,
பியூலா