இளமருதனுக்கு இல்லாத மாலை

திருநெல்வேலி,
பரிதாபி வருஷம், ஆவணி 9

மைத்துனருக்கு,

க்ஷேமம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நாம் இருவரும் மாற்றி மாற்றி எழுதும் தொடர்கதையில் இம்மாதம் உம்முடைய முறை. சண்பகவல்லியை உம் அமரகேதுவுக்கு மணமுடித்துவிட்டீர். அவளை என் இளமருதனுக்கு நிச்சயித்து நான் எழுதியபோது சம்மதித்தவரும் நீர்தான்.

நான் அவனுக்கு ஒரு கோட்டையைப் பிடித்துக் கொடுத்தால், அடுத்த மாதம் அவன் அமரகேதுவின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நாடு இருவருக்கும் பொது என்றீர். வெற்றியெல்லாம் உம் ஆளுக்கு. வாசகர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்பீர். விந்தி விந்தி நடக்கிறவனை அவர்கள் விரும்பும்படி எழுத உமக்கு என்றைக்கு மனம் வந்தது?

வழக்கம்போல் என் மகன் கைலாசம்தான் தன் தாய்க்கு அதை வாசித்துக் காட்டினான். மாலை மாற்றும் இடத்தில் நிறுத்திவிட்டான்.

"மாமா ஆவுடைத்தாய்க்கு வேற மாப்பிள்ளை பாத்துட்டாவ போல, அம்மா."

"ஏலே, அது வெறுங்கதைல்லா," என்றாள் உம் தங்கை.

"கதைல அவனுக்கு என் விந்துத காலைத்தானம்மா வச்சிருக்கு?"

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நேற்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த அப்பள வியாபாரி, கைலாசத்துக்கென்று நீர் வாக்குக் கொடுத்திருந்த உம் மகள் ஆவுடைத்தாய்க்கு அம்பாசமுத்திரத்து வக்கீல் வீட்டில் நீர் தாம்பூலம் மாற்றிய செய்தியைச் சொன்னார்.

அடுத்த அத்தியாயத்தை நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்டை நீரே ஆண்டுகொள்ளும். கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டில் அதை உரக்கவே வாசித்தாயிற்று.

இப்படிக்கு,
உம் தங்கையின் புருஷன்