மூன்றாவது நண்டு

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள எமில்டா அப்பாவுக்கு,

பேபி எழுதுவது. மாதா கிருபையால் நானும் மகளும் என் தம்பி பெவினும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக நலம் என்றுதான் எழுதுவேன். ரெக்சன் நாளை புறப்பட்டு, சனிக்கிழமை கொழும்பில் உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறுகிறான். போனில் அரைகுறையாகச் சொல்ல விருப்பமில்லை. அதனால் இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு பதறுங்கள்.

எமில்டா செய்த ரோபோக்களை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் கப்பல் ஏறிய பிறகு செய்தவை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் மூன்று நண்டுகள். கடலடியில் நடக்கும். தண்ணீருக்குள் ரேடியோ எடுபடாதாம். அதனால் டக் டக் என்று தட்டி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தத் தட்டல்களை அவளுடைய லேப்டாப் எழுத்தாக்கிக் காட்டும். நீரோட்டத்திலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அடுத்து என்ன செய்வது என்பதையும் மூன்றும் கூடித்தான் முடிவெடுக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அறிவியல் தவிர எல்லாப் பாடத்திலும் மார்க் இறங்கியது. நண்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

போன சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பெவினோடு சங்கு குளிக்கப் போகும் செந்தில்வேல் கடலிலிருந்து போன் செய்தான். மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய சரக்குப் பார்ஜ் அருகே, எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் பெவின் இறங்கியிருக்கிறான். சங்கு தேடி அதன் உள்ளே நுழைந்தபோது இரும்புத் தகடு ஒன்று சரிந்து வழியை அடைத்துவிட்டது. மேலே படகிலிருந்து காற்று போகும் குழாய் மட்டும் நசுங்கவில்லை. "அக்கா, குழாய இழுத்தா பதிலுக்கு இழுக்கான். உசிரோட இருக்கான். ஒரு கை நுழையுற சந்துதான் இருக்கு. என்னால போக முடியல. புள்ளய நண்டோட அனுப்புங்க" என்றான். கடலோரக் காவல் படைக்கும் சொல்லியிருந்தான். அவர்கள் வந்து சேர நேரமாகும். தகடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் சாவியைக் கொடுத்தேன். அவள் பக்கத்து வீட்டு வள்ளத்தில் போனாள். நான் கரையில் நின்றேன். இனி எழுதுவது செந்தில்வேல் சொன்னது.

நண்டுகள் சந்துக்குள் போயின. மூன்றும் சேர்ந்து முதுகால் தகட்டைத் தூக்கின. ஒரு முழம் உயர்ந்தது. ஆனால் பெவினின் காலில் யாரோ விட்டுப்போன வலை சுற்றிக் கிடந்தது. இரண்டு நண்டுகள் போய் வலையை அறுக்க வேண்டும், ஒன்று மட்டும் தகட்டைத் தாங்க வேண்டும். தாங்குகிற நண்டு பிறகு வெளியே வர முடியாது. எமில்டா அப்படியே செய்யச் சொன்னாள். 'ஒன்றை விட்டு வரமாட்டோம்' என்று லேப்டாப்பில் பதில் வந்தது. மறுபடியும் சொன்னாள். அதே பதில்.

"நாந்தான் மாமா அப்படிச் சொல்லிக்குடுத்தேன். யாரையும் விட்டுட்டு வரக்கூடாதுன்னு" என்றாளாம்.

பிறகு அந்த விதியை அழித்தாள். இரண்டு முறை தப்பாக அடித்திருக்கிறாள். நான்கே நிமிடத்தில் பெவின் மேலே வந்தான். அவன் பின்னாலேயே இரண்டு நண்டுகள் வந்தன.

நான் நர்ஸ் டியூட்டி பார்க்கும் வார்டில்தான் சேர்த்தோம். நினைவு தெளிவாக இருந்தது. நாடி நூற்றுப் பத்து. வலது கணுக்காலில் ஏழு தையல். இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்து, திங்களன்று வீட்டுக்கு அனுப்பினோம். சேர்த்த மறுநாள் அவன், "இருட்டுக்குள்ள நண்டு ஒண்ணு என் காலத் தட்டிக்கிட்டே இருந்துச்சுக்கா. யாரோ பக்கத்துல இருக்காவன்னு இருந்துச்சு" என்றான்.

எமில்டா அழவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மீதி இரண்டு நண்டுகளையும் குளியலறைத் தொட்டியில் விட்டிருக்கிறாள். ஒன்று தட்டுகிறது, அடுத்தது தட்டுகிறது, பிறகு மூன்றாவது தட்ட வேண்டிய நேரம் கழியும்வரை இரண்டும் சும்மா இருக்கின்றன. மறுபடி முதலிலிருந்து. அணைத்து வைக்கச் சொல்லலாம் என்று போனேன். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

நேற்று செந்தில்வேல் பார்ஜ் பக்கம் சங்கு குளித்துவிட்டு, ஈரத் துணியோடு நேராக வீட்டுக்கு வந்தான். "ஏளா எமில்டா, அது சாவல. அங்கன இரும்புக்கடியில கெடந்து தட்டிக்கிட்டேதான் இருக்கு" என்றான். அவள் எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள்.

ஜாக்கி வைத்துத் தகட்டைத் தூக்கி அதை எடுப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறார்கள். செந்தில்வேல் இறங்குவான், இவள் வள்ளத்தில் இருந்து நண்டுகளை நடத்துவாள். பெவின் தானும் வருவேன் என்றான். தையல் பிரிக்கும்வரை வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எமில்டாவிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவளோ, "நீயும் வாம்மா" என்றாள்.

எங்கள் அப்பாவைக் கடலில் தேடி ஓய்ந்த வருடத்திலிருந்து நான் வள்ளத்தில் கால் வைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெவின் அதே கடலுக்குத்தான் போனான்; நான் கரையில் வேலை தேடிக்கொண்டேன். அவளிடம் சரி என்று சொல்லிவிட்டேன். லைஃப் ஜாக்கெட் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடாதீர்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, டியூட்டி இல்லாவிட்டால், மேல்தளத்துக்கு வந்து கடலைப் பார்த்து ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜெபம் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை. நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பேபி